கடல் இல்லாத நாடு எப்படிப் பிழைக்கிறது? நேபாளத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

வைணவர்கள் வீட்டுப் பூஜைப் பெட்டியில் சாளக்கிராமம் பார்த்திருப்பீர்கள். கறுப்பாக, வழவழவென்று, உள்ளங்கையில் அடங்கும் ஆற்றுக்கல். சில கற்களின் ஓரத்தில் சின்னத் துளை இருக்கும். அதற்குள் விளக்கொளி படும்படி திருப்பிப் பார்த்தால் சக்கரம்போல் சுருள் சுருளாக வரிகள் தெரியும். பெருமாளின் சக்கரம் என்று அதை வணங்குகிறோம். நிலவியல் படித்தவர்கள் அதை அம்மோனைட் என்பார்கள். சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த, சுருண்ட ஓடுள்ள உயிரினத்தின் புதைபடிவம் அது.

இந்தக் கல் கிடைப்பது நேபாளத்தில் ஓடும் காளி கண்டகி ஆற்றில். 108 திவ்யதேசங்களில் சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் முக்திநாத் கோயில் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில், 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் கடல் உயிரினம் எப்படி வந்தது? அந்த இடம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. இந்திய நிலப்பரப்பு வடக்கே நகர்ந்து ஆசியாவின்மேல் மோத, நடுவில் இருந்த கடல் மறைந்து, அதன் அடித்தளம் மடிந்து இமயமலையாக எழுந்தது. மோதல் தொடங்கி சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. எவரெஸ்ட்டின் உச்சிப் பாறைகூடக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான்.

கல்லுக்குள் கடலை வைத்திருக்கும் அந்த நாட்டுக்கு இன்று ஓர் அடி கடற்கரைகூடக் கிடையாது. சரி, கடல் இல்லாவிட்டால் ஒரு நாட்டுக்கு என்ன ஆகும்?

நிலம் சூழ்ந்த நாடு

நான்கு பக்கமும் பிற நாடுகளின் நிலமே எல்லையாக இருந்தால் அது நிலம் சூழ்ந்த நாடு. உலகில் இப்படி சுமார் 44 நாடுகள் இருக்கின்றன. சில நாடுகள் போரில் கடற்கரையை இழந்தன. 1879இல் தொடங்கிய போரில் சிலியிடம் தோற்றுப் பசிபிக் கரையைப் பறிகொடுத்தது பொலிவியா. எரித்ரியா 1993இல் தனி நாடானபோது எத்தியோப்பியா கடலை இழந்தது. உஸ்பெகிஸ்தானின் நிலை இன்னும் கடினம். அதன் அண்டை நாடுகளுக்கும் கடல் இல்லை என்பதால் இரண்டு எல்லைகளையாவது தாண்டித்தான் அதன் சரக்கு கப்பலேற முடியும்.

உலக வணிகச் சரக்கில் பெரும்பகுதி கப்பலில்தான் போகிறது. லாரியைவிட, ரயிலைவிடக் கப்பல் கூலி மிகக் குறைவு. கடற்கரை உள்ள நாடு தன் துறைமுகத்திலிருந்து உலகின் எந்த நாட்டோடும் நேராக வணிகம் செய்யலாம். கடலற்ற நாடு முதலில் பக்கத்து வீட்டு முற்றத்தைத் தாண்ட வேண்டும்.

தாண்டும் உரிமையைச் சட்டம் தருகிறது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 125ஆம் பிரிவு, கடலற்ற நாடுகளுக்குக் கடலை அடையவும் அங்கிருந்து திரும்பவும் உரிமை உண்டு என்கிறது. ஆனால் எந்த வழியாக, என்ன நிபந்தனைகளோடு என்பதை இரு நாடுகளும் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே, உரிமை காகிதத்தில் இருந்தாலும் வழி அண்டை நாட்டின் கையில் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கடலற்ற நாடுகளின் பொருளாதாரத்தில் பாதி புரிந்த மாதிரி.

சுவிட்சர்லாந்துக்கும் கடல் இல்லையே, அது பணக்கார நாடாயிற்றே என்று கேட்கலாம். சுவிட்சர்லாந்தைச் சுற்றி இருப்பவை ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா. அதன் பொருளை வாங்கும் சந்தைகளே அண்டை வீடுகள். பாசெல் நகரிலிருந்து ரைன் ஆற்றில் சரக்குப் படகு வட கடல் வரை போகிறது. நேபாளத்தின் தெற்கு எல்லையில் பெரும்பாலும் இருப்பவை பிகாரும் உத்தரப் பிரதேசமும். வடக்கே ஆளரவம் குறைந்த திபெத்தியப் பீடபூமி. இந்தியாவின் பெருநகரங்களும் சீனாவின் தொழில் நகரங்களும் வெகு தொலைவில் இருக்கின்றன. கடல் இல்லாமை எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு சுமையாக இருப்பதில்லை. அண்டை வீடு எது என்பதைப் பொறுத்தது அது.

மூன்று பட்டைகள்

நேபாளத்தின் பரப்பு சுமார் 1,47,500 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரியது. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் சுமார் 2.92 கோடி. கிழக்கு மேற்காக ஏறக்குறைய 885 கிலோமீட்டர் நீண்டு, வடக்கு தெற்காகச் சராசரியாக 200 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் ஒடுங்கிய நாடு.

இந்த 200 கிலோமீட்டருக்குள்தான் எல்லாம் நடக்கிறது. தென்கோடியில் கடல் மட்டத்துக்கு 60 மீட்டர்போல மேலே இருக்கும் வயல்வெளி; வடகோடியில் 8,848.86 மீட்டர் எவரெஸ்ட். எட்டாயிரம் மீட்டரைத் தாண்டும் 14 சிகரங்களில் எட்டு நேபாளத்திலோ அதன் எல்லையிலோ இருக்கின்றன. தெற்கிலிருந்து தொடங்கினால் முதலில் தராய் சமவெளி, பிறகு பஹாட் என்னும் நடு மலைகள், மேலே ஹிமால் என்னும் பனிமலைகள். தராய் மாவட்டங்கள் நிலப்பரப்பில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மக்களில் பாதிக்கும் மேல், சுமார் 53 சதவீதம் பேர், அங்கேதான் வாழ்கிறார்கள். நெல் விளையும் மண் அது. ஆலைகளில் பெரும்பாலானவை அங்கே. இந்தியாவோடு திறந்த எல்லையும் அங்கே.

மலைத்தொடர்கள் கிழக்கு மேற்காகக் கிடக்க, கோசி, கண்டகி, கர்ணாலி ஆறுகள் அவற்றை அறுத்துக்கொண்டு தெற்கே இறங்குகின்றன. கிழக்கிலிருந்து மேற்கே சாலை போட்டால் ஆறுகளுக்கெல்லாம் பாலம் கட்ட வேண்டும். தெற்கிலிருந்து வடக்கே போட்டால் மலைகளை ஏறி இறங்க வேண்டும். கிழக்கு மேற்காக ஓடும் மகேந்திரா நெடுஞ்சாலை வருவதற்கு முன், நேபாளத்தின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிக்குப் போக விரும்பியவர்கள் இந்தியாவுக்குள் இறங்கி ரயிலேறிப் போய் மறுபடி நேபாளத்துக்குள் நுழைந்தார்கள். 1956இல் இந்திய உதவியோடு திரிபுவன் ராஜபாதை முடியும்வரை காத்மாண்டுவுக்கு வெளியிலிருந்து மோட்டார் சாலையே இல்லை. முன்பு நாட்டை ஆண்ட ராணா குடும்பத்துப் பிரபுக்களின் கார்களை மூங்கில் சட்டத்தில் கட்டி, ஆட்கள் தோளில் சுமந்து மலை தாண்டினார்கள்.

உப்பு சொல்லும் கதை

கடலற்ற வாழ்க்கையைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது உப்புதான். நமக்கு உப்பு என்றால் கடல். உப்பளம் நம் கண்ணெதிரே இருக்கிறது. நேபாள மலைக்காரர்களுக்கோ நூற்றாண்டுகளாக உப்பு வடக்கிலிருந்து, திபெத்தின் உப்பு ஏரிகளிலிருந்து வந்தது. செம்மறி, வெள்ளாடு, யாக் ஆகியவற்றின் முதுகில் இருபுறமும் சிறு பைகளாகத் தொங்கவிட்டுக் கணவாய்களைக் கடந்து கொண்டுவந்தார்கள். தெற்கிலிருந்து அரிசியும் பார்லியும் மேலே போயின. கணவாய்க்குப் பக்கத்தில் உப்பு மலிவு, தானியம் விலை அதிகம். கீழே இறங்க இறங்க அதே படி உப்புக்குக் கூடுதல் தானியம் கிடைக்கும். அந்த வித்தியாசத்தில்தான் பல மலை ஊர்கள் வாழ்ந்தன.

சாளக்கிராமம் கிடைக்கும் அதே காளி கண்டகிப் பள்ளத்தாக்குதான் உப்பு வழிகளில் முக்கியமானது. தௌலாகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே ஆறு அறுத்த ஆழமான வழி அது. அங்கே துகுச்சே என்ற ஊரில் தக்காலி என்னும் சமூகத்து வணிகர்கள் உப்பையும் தானியத்தையும் மாற்றிக்கொண்டார்கள். உப்பு வணிகத்தைக் குத்தகை எடுத்துச் செல்வந்தரானவர்கள் அவர்கள். உப்பு வழி ஓய்ந்தபின் அந்தச் சமூகத்தில் பலர் வழிநெடுக விடுதிகள் நடத்தினார்கள். இன்று போக்கராவிலும் காத்மாண்டுவிலும் 'தக்காலி சாப்பாடு' என்று பெயர் போட்டு விற்கும் சோறும் பருப்பும் அந்த வரலாற்றின் மிச்சம்.

அந்தக் காலத்து நேபாளம் மூலையில் ஒதுங்கிய நாடாக இல்லை. இரண்டு பெரிய நிலங்களுக்கு நடுவே இருந்த வழி அது. காத்மாண்டு பள்ளத்தாக்கின் மல்ல மன்னர்கள் அடித்த நாணயம் திபெத்தில் செலாவணியாக இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் நேவார் சமூகத்து வணிகர்கள் லாசாவில் கடை வைத்திருந்தார்கள். பக்தபூரிலும் பாடனிலும் இன்றும் நிற்கும் செதுக்கு மரச் சன்னல்களுக்குப் பின்னால் இந்த வணிகத்தில் சேர்ந்த செல்வம் இருக்கிறது. பிறகு 1904இல் பிரிட்டிஷ் படை லாசாவுக்குப் போனது. சிக்கிம் பக்கம் சும்பி பள்ளத்தாக்கு வழியாகச் சுருக்கமான பாதை திறந்தது. வணிகம் அங்கே திரும்பியது. உலக வணிகம் கப்பலுக்கு மாறிக்கொண்டிருந்த காலமும் அதுவே. நாடு அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த இடத்தின் மதிப்பு மாறிப்போனது.

உப்பின் கதை அதோடு முடியவில்லை. மழையும் பனியும் அரித்த மலை மண்ணில் அயோடின் மிகக் குறைவு. கடல்மீன் அங்கே கிடைப்பதில்லை. திபெத்திய ஏரி உப்பிலும் தேவையான அயோடின் இல்லை. அதனால் மலை ஊர்களில் கழுத்துக் கழலை சாதாரணமாக இருந்தது; பிள்ளைகளின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்பட்டது. கடல் தூரம் என்பது கழுத்தில் தெரிந்த காலம் அது. 1963இல் தொடங்கிய சால்ட் டிரேடிங் கார்ப்பரேஷன் இந்தியாவிலிருந்து உப்பு வாங்கி நாடெங்கும் கொண்டுபோனது. எழுபதுகளில் அயோடின் கலந்த உப்பு மலை ஏறியது. வடக்கே பார்த்துக்கொண்டிருந்த அடுப்படி அப்போது முழுவதுமாகத் தெற்கே திரும்பியது.

ஒரு கன்டெய்னரின் பயணம்

இப்போது ஒரு சரக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து நேபாளத்துக்கு வரும் கன்டெய்னர் பெரும்பாலும் கொல்கத்தாவிலோ ஹால்தியாவிலோ இறங்கும். சில விசாகப்பட்டினத்தில் இறங்கும். அங்கே இந்தியச் சுங்கத் துறையிடம், இது இந்தியாவுக்குள் விற்பதற்கு அல்ல, நேபாளத்துக்குப் போகிறது என்று ஆவணம் காட்ட வேண்டும். வழியில் திறக்கவில்லை என்பதற்கு முத்திரை வைப்பார்கள். இப்போது பெட்டி எங்கே போகிறது என்று தொலைவிலிருந்தே பார்க்கும் மின்னணுப் பூட்டும் போடுகிறார்கள். பிறகு ரயிலில் சுமார் 700 கிலோமீட்டர். பிகாரின் ரக்ஸௌல் தாண்டியதும் நேபாளத்தின் பீர்கஞ்ச். அதன் அருகே சிர்சியாவில் 2004இல் செயல்படத் தொடங்கிய உலர் துறைமுகம் இருக்கிறது. கப்பலும் அலையும் இல்லாத துறைமுகம். தண்டவாளம், கிரேன், கிடங்கு, சுங்க அலுவலகம் எல்லாம் உண்டு. அங்கிருந்து லாரியில் ஏற்றிக் காத்மாண்டுவுக்கு மலைப்பாதை. மழைக்காலத்தில் நாராயண்காட்டுக்கும் முக்லிங்குக்கும் இடையே மண்சரிவு வந்தால் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கட்டணம், ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு செலவு. இதில் பலர் கவனிக்காத ஒரு செலவு உண்டு. கன்டெய்னர் கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமானது. குறித்த நாளுக்குள் காலிப் பெட்டியைத் துறைமுகத்தில் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாள் வாடகை ஏறும். நேபாளத்தின் இறக்குமதி அதன் ஏற்றுமதியைப் போல ஆறு முதல் பத்து மடங்கு. வரும்போது நிறைந்து வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை திரும்பும்போது காலியாகப் போகின்றன. ஆக, காலிப் பெட்டி திரும்பும் கூலியும் வந்த பொருளின் விலையிலேயே சேர்ந்துவிடுகிறது. காத்மாண்டுவில் சைக்கிள் வாங்கும் பிள்ளையின் அப்பா அதையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

கதவு மூடிய இரண்டு முறை

1989 மார்ச்சில் இந்தியா–நேபாளம் வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியாயின. புதுப்பிப்பதில் உடன்பாடு வரவில்லை. போக்குவரத்துக்கான 15 எல்லைச் சாவடிகளில் 13ஐ இந்தியா மூடியது. மண்ணெண்ணெய் இல்லாமல் மக்கள் காட்டை வெட்டி விறகாக்கினார்கள். நெருக்கடி ஓராண்டுக்கு மேல் நீடித்தது.

2015இல் நடந்தது இன்னும் கொடுமை. அந்த ஆண்டு ஏப்ரல் 25இல் வந்த நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். லட்சக்கணக்கான குடும்பங்கள் தகரக் கொட்டகையிலும் தார்ப்பாய்க்கு அடியிலும் இருந்தன. செப்டம்பர் 20இல் புதிய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தங்களுக்கு உரிய பங்கு அதில் இல்லை என்று தராய் மதேசி மக்கள் போராடினார்கள்; பீர்கஞ்ச் எல்லைப் பாலத்தில் அமர்ந்தார்கள். சரக்கு நின்றது. தடை எதுவும் விதிக்கவில்லை, போராட்டத்தால்தான் லாரிகள் போக முடியவில்லை என்றது இந்தியா. நேபாளிகளில் பெரும்பாலோர் அதை இந்தியாவின் 'நாகாபந்தி' (வழிமறிப்பு) என்றே இன்றும் சொல்கிறார்கள். 2016 பிப்ரவரிவரை அது நீடித்தது.

பெட்ரோலுக்கு ஊர் தாண்டி வரிசை. மருந்துக்குத் தட்டுப்பாடு. 14.2 கிலோ சமையல் கேஸ் சிலிண்டரைப் பாதி மட்டும் நிரப்பி, 7.1 கிலோவாக விற்றது அரசு எண்ணெய் நிறுவனம். அரைச் சிலிண்டரை வாங்கவும் விடியற்காலையில் வரிசையில் நின்றார்கள். நகரத்து வீடுகளின் மொட்டைமாடியில் விறகடுப்பு எரிந்தது. குளிர்காலம் வேறு. நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

வடக்கே கதவு இல்லையா? சீனா அப்போது 13 லட்சம் லிட்டர் பெட்ரோலை நன்கொடையாகத் தந்தது. அதற்கே சீன எல்லையில் இருந்த பழைய தாதோபானி வழி உதவவில்லை. நிலநடுக்கம் அதை மூடியிருந்தது. அடுத்த ஆண்டே சீனாவோடு போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தானது. பிறகு தியான்ஜின் உள்ளிட்ட நான்கு சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்த வழி திறந்தது. தியான்ஜின் 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால். 2025 ஜூலையில் வெள்ளம் வந்து, சீனாவுக்குப் போகும் மற்றொரு வழியான ரசுவாகடியின் எல்லைப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. இரண்டாவது கதவு இருப்பது பேச்சுவார்த்தையில் பலம் தரும். அன்றாடச் சரக்குக்கு அது உதவ இன்னும் நெடுங்காலம் ஆகும் என்பது என் கணிப்பு.

கப்பல் வேண்டாத சரக்கு

கனமான பொருளைச் செய்து உலகச் சந்தையில் போட்டியிடுவது இந்த நாட்டுக்குக் கடினம். இரும்பையும் சிமென்ட்டையும் கடல் வரை கொண்டுபோகும் செலவிலேயே லாபம் கரைந்துவிடும். அதனால் நேபாளத்தின் பொருளாதாரம் மெல்ல மெல்லக் கப்பல் தேவைப்படாதவற்றின் பக்கம் சாய்ந்தது.

அவற்றில் முதலாவது, மனிதர்கள். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்குச் சமம். கத்தார், சவுதி, அமீரகம், குவைத், மலேசியா என்று போகிறார்கள். 2021 கணக்கெடுப்பில் வெளிநாட்டில் இருப்பதாகப் பதிவானவர்கள் சுமார் 22 லட்சம். இரு நாடுகளும் செய்துகொண்ட 1950 ஒப்பந்தத்தின்படி விசா இல்லாமலே இந்தியாவுக்கு வருபவர்களும் உண்டு. நம் ஊர் உணவகச் சமையலறையில் மோமோ பிடிக்கும் இளைஞரும் அடுக்குமாடி வாசலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலரும் பல இடங்களில் அவர்கள்தான். காத்மாண்டு விமான நிலையத்தில் நாள்தோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்குப் புறப்படுகிறார்கள். அதே விமான நிலையத்துக்குச் சவப்பெட்டிகளும் வந்து சேர்கின்றன. அந்தப் பணத்தில் ஊரில் வீடு எழுகிறது, பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் உழ ஆளில்லாமல் மலைச் சரிவு வயல்கள் தரிசாகின்றன. வந்த பணம் இறக்குமதிப் பொருளாகிக் கொல்கத்தா வழியே வெளியே போகிறது. அனுப்பியவரின் உழைப்பை நினைத்தால் அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

சுற்றுலாவில் வாங்குபவரே விமானமேறி வந்துவிடுகிறார். ஆண்டுக்கு 11, 12 லட்சம் பேர் வருகிறார்கள். பொருள்களில், எடை குறைந்து விலை கூடியவை தாக்குப்பிடிக்கின்றன: இலாம் தேயிலை, கம்பளம், பஷ்மினா, கிழக்கு மலைகளின் பெரிய ஏலக்காய். பிரியாணியில் நாம் போடும் அந்தக் கறுப்பு ஏலக்காயை உலகில் அதிகம் விளைவிக்கும் நாடுகளில் ஒன்று நேபாளம். ஏற்றுமதிப் பட்டியலில் சமையல் எண்ணெய் உயரே நிற்பது வேறு வகை. கச்சா சோயா எண்ணெயைக் கடல் தாண்டி வரவழைத்து, சுத்திகரித்து, தீர்வைச் சலுகையில் இந்தியாவுக்கு விற்கிறார்கள். இந்தியா தன் தீர்வையை மாற்றினால் அந்த வணிகம் ஒரே மாதத்தில் சரிந்துவிடும். அதை நம்பி ஊர் கட்ட முடியாது.

எனக்கு நம்பிக்கை தருவது மின்சாரம். பனிமலையிலிருந்து ஆறாயிரம் ஆறுகளும் ஓடைகளும் இறங்குவதாக நேபாளத்தில் சொல்வார்கள். 1911இலேயே பர்பிங்கில் 500 கிலோவாட் நீர்மின் நிலையம் கட்டிய நாடு, நூறாண்டு கழித்தும் குளிர்காலத்தில் நாளுக்குப் பதினாறு மணி நேரம் இருட்டில் கிடந்தது. 2016க்குப் பிறகு நிலை மாறியது. மின்வெட்டு ஒழிந்தது, புதிய நீர்மின் நிலையங்கள் வந்தன, நிறுவுதிறன் 3,000 மெகாவாட்டைத் தாண்டியது. அரைச் சிலிண்டரை மறக்காத வீடுகள் மின்னடுப்பு வாங்கின. இறக்குமதியாகும் புதிய கார், ஜீப்களில் பாதிக்கும் மேல் இப்போது மின்வண்டிகள். எல்லை தாண்டி வரும் பெட்ரோலுக்குக் காத்திருக்காமல், சொந்த ஆற்றின் கரன்ட்டில் ஓடும் வண்டி அது.

மிச்சத்தை விற்கவும் தொடங்கிவிட்டார்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகும்போது இந்தியாவுக்கு விற்பார்கள். குளிர்காலத்தில் ஆறு வற்றும்போது இந்தியாவிடமே வாங்குவார்கள். பத்தாண்டுகளில் 10,000 மெகாவாட் என்று 2024 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம் ஆனது. சீன முதலீடு உள்ள நிலையங்களின் மின்சாரத்தை மட்டும் இந்தியா வாங்குவதில்லை. 2024 நவம்பரில் முதன்முறையாக மூன்றாவது நாடு ஒன்றுக்கு, வங்கதேசத்துக்கு, நேபாள மின்சாரம் போனது. அளவு 40 மெகாவாட். ஆண்டில் ஐந்து மழைக்கால மாதங்களுக்கு. நேபாளத்தின் தால்கேபரில் கிளம்பும் அந்த மின்சாரம் பிகாரின் முசாபர்பூர் வழியாக, இந்தியாவின் கம்பிகளில், மூன்று நாடுகளும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பேரில் போகிறது.